நின்றுபோன கணினியைக் கேட்டவள்

என் கணினி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நின்றுபோனது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், திரையின் மூலையில் இருந்த கடிகாரமும் கூடவே நின்றதுதான். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தேன்; பதினொன்று நாற்பத்திரண்டு. மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். அதே பதினொன்று நாற்பத்திரண்டு. மவுஸ் நகரவில்லை. எந்த பட்டனைத் தட்டினாலும் அசைவில்லை. கடைசியில் பவர் பட்டனை விரலால் அமுக்கிப் பிடித்து அணைத்தேன். திரும்பப் போட்டபோது நன்றாகத்தான் எழுந்தது. ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்ததும் மறுபடி நின்றுவிட்டது.

முதல் நாள்தான் அதில் புது சிஸ்டம் ஏறியிருந்தது. ஆறேழு மாதமாக அது கேட்டுக்கொண்டே இருந்தது, நானும் "பிறகு" என்ற பட்டனை அழுத்தித் தள்ளிக்கொண்டே வந்தேன். திங்கட்கிழமை கண்ணாடி போடாமல் உட்கார்ந்தவள் பக்கத்துப் பட்டனை அழுத்திவிட்டேன். ஒரு பகல் முழுக்க ஏறியது. ஏறி முடித்தபோது திரை அழகாகத்தான் இருந்தது.

போடியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போவார், சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வருவார். மகள் படிக்க வெளியூர் போன பிறகு வீட்டில் நான் மட்டும். அந்தச் சமயத்தில்தான், பார்வை இல்லாதவர்களுக்குப் புத்தகங்களைப் படித்துப் பதிவுசெய்து தர ஆட்கள் தேவை என்று ஒரு சிறு குழு கேட்டது. எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். சரி என்றேன். ஒரு மைக்கும், அந்த மைக்கைக் கணினியோடு இணைக்கும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றும் அனுப்பிவைத்தார்கள். இரண்டும் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய சாமான்கள்.

இரண்டு வருடத்தில் ஒன்பது புத்தகம் படித்திருந்தேன். பத்தாவது, அரசுத் தேர்வுக்கான புவியியல். அதை ஒரே ஒருத்திக்காகப் படித்தேன். மேலே மலையில், ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தன் தாயோடு இருந்தவள். முப்பது வயதிருக்கும். பதினோரு வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பார்வை போய்விட்டது. நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு பாடமாக முடித்து போனில் அனுப்புவேன், அவள் "கேட்டுட்டேங்க்கா" என்று ஒரு வரி அனுப்புவாள். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அவளுடைய தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இன்னும் நான்கு பாடம் பாக்கி. படித்து முடித்தும் சரிபார்த்து அனுப்பாமல் வைத்திருந்த மூன்று பாடங்களும் அந்தக் கணினிக்குள் மாட்டிக்கொண்டன.

கடைவீதியில் கணினி பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இரண்டு முறை திறந்து பார்த்தார். இரண்டு முறையும் நின்றது.

"அழிச்சிட்டுப் புதுசா ஏத்திரலாம்க்கா. அதான் நல்லது. உள்ள இருக்குறதெல்லாம் போயிரும், பரவால்லையா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அன்று மாலை அவளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். கணினி நின்றுபோகிறது, மீதிப் பாடங்கள் எப்போது வரும் என்று தெரியவில்லை, மன்னித்துக்கொள் தாயி என்று.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, நிக்கிறப்ப என்ன சத்தம் வருது?"

"சத்தமா? ஒண்ணும் வரல. அப்படியே செலையாட்டம் நிக்குது."

"செலைன்னு கண்ணால பாத்துச் சொல்றீங்க. ஹெட்போன காதுல மாட்டிட்டு ஒருக்கா நிக்க விடுங்க."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் மாட்டினேன். மென்பொருளைத் திறந்தேன். படம் வந்தது, மவுஸ் நின்றது. அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். மிகச் சன்னமாக, ஒரு வண்டு கண்ணாடியில் மோதிக்கொண்டே இருப்பதுபோல, ட்ர்ர்ர்ர் என்று ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எத்தனை முறை அது என் மூக்குக்கு முன்னால் ஒலித்ததோ! ஹெட்போனைக் கழற்றி போனின் வாயருகில் பிடித்தேன்.

"இப்பக் கேக்குது," என்றாள். "அக்கா, அது கடைசியா வாங்குன சத்தத்தையே மென்னுக்கிட்டு இருக்கு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. ஃபேன் சத்தம்..." அதோடு இணைப்பு அறுந்தது. மேலே மழை வந்தால் சிக்னல் அப்படித்தான்.

அன்று நாலைந்து முறை பேச முயன்றோம். ஒவ்வொரு முறையும் பாதி வாக்கியத்தில் அறுந்தது. வியாழக்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. "போன்ல சரிப்படாது. சனிக்கெழம ஒங்க வீட்டு அண்ணன் ஜீப்புல வர்றேன்."

என் கணவர் தயங்கினார். "அத்தன வளைவு. கண்ணு தெரியாத புள்ளைய ஒத்தையில எப்படிக் கூட்டியாறது?"

"அதுக்கு வழி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? ஓட்டுறது நீங்கதான?" என்றேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் இரண்டு மணிக்கு ஜீப் வாசலில் நின்றது. அவள் இறங்கினாள். ஒல்லியாக, என் மகளின் உயரம். வழியில் இரண்டு இடத்தில் வாந்தி எடுத்ததாகச் சொல்லி, முதலில் முகம் கழுவத் தண்ணீர் கேட்டாள். பிறகு மோர் குடித்தாள். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, "இல்ல, கொஞ்சம் போடுங்க" என்றாள். ஒரு பெரிய மேதை வருவதுபோல நான் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தேன். வந்தவளோ ரசத்தில் உப்புக் கம்மி என்றாள்.

சாப்பிட்டு முடித்து, நான் பதிவுசெய்யும் அறைக்கு அழைத்துப் போனேன். வாசற்படியில் நின்றவள், நாக்கை மேலண்ணத்தில் ஒரு தடவை சொடுக்கினாள்.

"இதான அந்த ரூமு. மூணாம் பாடம் வரைக்கும் சொவத்தப் பாத்து உக்காந்து படிச்சிருக்கீங்க. அப்புறம் மேசைய நகத்திட்டீங்க, இல்லையா?"

மேசையை நகர்த்தியது உண்மை. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் இறங்கியதால் துணி பீரோவை ஒட்டிப் போட்டிருந்தோம்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொதல்ல உங்க கொரல் எங்கயோ முட்டித் திரும்பும். நாலாம் பாடத்துலருந்து மெத்துனு ஆயிருச்சு. துணிமணி பக்கத்துல இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்." நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு, கணினியைப் போட நான் குனிந்தபோது, சாதாரணமாகக் கேட்டாள். "பதினேழாம் பாடம் படிக்கிறப்ப அழுதிருந்தீங்களாக்கா?"

பதினேழாம் பாடம் மண் வகைகள். செம்மண், கரிசல்மண், வண்டல். அதில் அழ ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்த நாளின் காலையில்தான் என் அண்ணனை மதுரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மைக்கின் முன் உட்கார்ந்தேன். தடுமாறிய வரிகளை எல்லாம் வெட்டி எறிந்து, மறுபடி படித்து, சுத்தமாகத்தான் அனுப்பினேன். என் கணவரிடம்கூட அழுததைச் சொல்லவில்லை.

"ஆமா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். இரண்டு வருடமாக ஒரு எந்திரத்துக்குள் படித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். மறுமுனையில் இவ்வளவு பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

வேலை தொடங்கியது. பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள் அதில் இருந்தது. ஹெட்போனை மைக் பெட்டியிலிருந்து பிடுங்கி, கணினியிலேயே இருக்கும் துளையில் செருகினாள். பிறகு சத்தம் வெளியே வரட்டும் என்று ஸ்பீக்கரையும் இணைக்கச் சொன்னாள். கணினி பேசத் தொடங்கியது. அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல இருந்தது. தமிழா இங்கிலீஷா என்றே எனக்குப் பிடிபடவில்லை.

"இது ஒனக்குப் புரியுதா?"

"ஒங்களையும் ரெட்டிப்பு வேகத்துலதான் கேப்பேன். கோச்சுக்காதீங்க."

மவுஸைத் தொடவே இல்லை. பத்து விரலும் கீபோர்டில் ஓடின. ஒவ்வொரு தட்டுக்கும் அந்த அரிசிக் குரல் அரை நொடி ஒலித்து வெட்டுப்பட்டது. கேட்க வேண்டியது முதல் எழுத்திலேயே அவளுக்குக் கிடைத்துவிடும்போல. நான் திரையைப் பார்த்து, "இங்க ஒரு பொட்டி வந்திருக்கு, மஞ்சளா ஒண்ணு தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அது இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, அந்தத் திரைய அணைச்சிருங்களேன்."

"அணைச்சா எப்படி?"

"நிக்கிறது திரையா, மெஷினான்னு தெரியணும்ல. அது எரியிற வரைக்கும் நீங்க அதையேதான் பாப்பீங்க."

அணைத்தேன். கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது.

அவளுடைய முதல் கணிப்பு தப்பாகப் போனது. இரைச்சலை நீக்க நான் சேர்த்து வைத்திருந்த சில பழைய துணை நிரல்களால் நிற்கிறது என்று நினைத்தாள். ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றிவைத்தாள். அரை மணி நேரம் ஆனது. திறந்து பார்த்தாள். அரிசிக் குரல் பாதி எழுத்தில் செத்தது. ட்ர்ர்ர்ர். இப்போது ஸ்பீக்கரில் கேட்டதால் அறை முழுக்க அந்த வண்டு.

"ச்சே!" என்று மேசையைத் தட்டினாள். "நெனச்சது தப்பு. இவ்வளவு தூரம் வாந்தி எடுத்து வந்து இதுவா!"

டீ போட்டுக் கொடுத்தேன். மூன்று கரண்டி சர்க்கரை கேட்டாள். குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அந்தப் பொட்டிய எங்க மாட்டியிருக்கீங்க?" என்றாள். அவள் கையைப் பிடித்து மைக் பெட்டியின் மேல் வைத்தேன். ஒயரைத் தடவிப் பார்த்து, உருவி எடுத்தாள். கணினியை மறுபடி போட்டாள். மென்பொருளைத் திறந்தாள்.

திறந்தது. அரிசிக் குரல் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"ஆங்!" என்றாள். ஒயரை மறுபடி செருகினாள். ட்ர்ர்ர்ர். உருவி, மறுபடி போட்டு, செருகி, இப்படி மூன்று தரம். சந்தேகமே இல்லை. அந்தப் பெட்டியோடு பேசுவதற்கென்று கணினிக்குள் ஒரு சின்ன மென்பொருள் இருக்கும், அது பழைய சிஸ்டத்துக்குச் செய்தது, புது சிஸ்டத்தின் பேச்சு அதற்குப் புரியவில்லை, கேள்வி கேட்டுவிட்டு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்று எனக்கு விளக்கினாள். பெட்டி பழசு என்பதால் அதற்குப் புது மென்பொருளும் யாரும் செய்யவில்லை. என் போனில் தேடிப் படிக்கச் சொல்லி அதையும் உறுதிசெய்துகொண்டாள்.

"அப்ப பொட்டி போச்சா?"

"பொறுங்க. பழச வேரோட பிடுங்கிருவோம். எதுவுமே இல்லைன்னா, சிஸ்டம் தன்கிட்ட இருக்குற பொது மென்பொருள வச்சுப் பேசிப் பாக்கும். பேசுனாலும் பேசும்."

பெட்டியை உருவிவிட்டு, பழைய மென்பொருளை நீக்கினாள். கணினி அணைந்து தானாக எழ வேண்டும். திரையைப் போடவா என்று கேட்டேன்.

"வேணாம். கேளுங்க."

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு மின்விசிறியின் மூச்சு தாழ்ந்து, முற்றிலும் அடங்கியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி. உள்ளே எங்கோ ஒரு சொடுக்கு. மின்விசிறி மெல்லக் கிளம்பி, ஏறி, ஓர் இடத்தில் நிலைத்தது.

"இப்ப ரெண்டாவது மூச்சு எடுக்கும்," என்றாள். எடுத்தது. "இப்ப முழிக்கும்." நான் மனதுக்குள் நாலு எண்ணுவதற்குள் வரவேற்பு ஓசை வந்தது. எத்தனையோ ஆயிரம் முறை இதே கணினியைப் போட்டிருக்கிறேன். அது எழுந்திருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பெட்டியைச் செருகினாள். ட்ர்ர்ர்ர் வரவில்லை. அதற்குப் பதில், ஏதோ சேர்ந்துகொண்டது என்று சொல்லும் இரண்டு சுர ஓசை வந்தது. ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தாள். அது மறுபடி நின்றுவிட்டது. போச்சு என்று நான் எழுந்துவிட்டேன். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு.

"கேட்டீங்களா? இது பேசிக்கிட்டேதான் இருக்கு." ஆமாம், அரிசிக் குரல் ஓயவில்லை. "இப்ப மெஷின் நிக்கல. அது மட்டுந்தான் நிக்குது. பழைய வழியவே நெனச்சுக்கிட்டு இன்னும் தேடுது."

அந்த மென்பொருள் தன் அமைப்புகளை எல்லாம் எழுதிவைத்திருக்கும் கோப்பைத் தேடிப் பிடித்தாள். அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வைத்தாள். திறந்தாள். ஒன்றும் நிற்கவில்லை. எதுவும் தெரியாத புதுப் பிள்ளைபோல அது எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. எந்த மைக், எந்த ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"ஏதாவது படிங்க."

கைக்கு எட்டியதைத் திறந்து, பருவக்காற்று பற்றி நான்கு வரி படித்தேன். அதை ஓடவிட்டுக் கேட்டாள். தலையைச் சாய்த்தாள். எனக்கு எல்லாம் சரியாக இருந்ததுபோலத்தான் கேட்டது. இடையிடையே முள் குத்துவதுபோல இருக்கிறது என்று சொல்லி, ஏதோ ஓர் எண்ணைக் கூட்டிவைத்தாள். மறுபடி படித்தேன், மறுபடி கேட்டாள்.

"செரி. இனி படிங்கக்கா. வெரசா முடிங்க, எனக்குப் பரீட்ச இருக்கு."

அப்போதுதான் திரையைப் போட்டேன். வழக்கமான இடத்தில் வழக்கமானவை எல்லாம் இருந்தன. மாட்டிக்கொண்டிருந்த மூன்று பாடங்களும் அலை அலையான ஒலிக்கோடுகளாக அப்படியே தெரிந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுக்குத் தெரியக்கூடாது என்று மூச்சை அடக்கினேன். என்ன பைத்தியக்காரத்தனம். அவள் கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே அவளை பஸ் ஏற்றிவிட்டேன். வாந்திக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினேன். அன்று தொடங்கி ஐந்து நாளில் நான்கு பாடமும் முடித்தேன். மேலே சிக்னல் மோசமாக இருந்ததால், எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை என் கணவரின் ஜீப்பில் நானே ஏறினேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், ஜீப் போகும் இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

லயத்தில் அவள் தாய் வேலைக்குப் போயிருந்தாள். கார்டை வாங்கி போனில் போட்டு, சரியாக ஏறியதா என்று ஒரு வரி கேட்டுவிட்டு, "வாங்க, தோட்டத்தப் பாத்துட்டுப் போங்க" என்றாள். அவள் கோலைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, நான் வழுக்கிக்கொண்டு பின்னால் போனேன். பெரிய மரங்கள் வானத்தை மூடியிருந்தன. அவற்றின் நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடிகள். ஓர் இடத்தில் நின்றாள்.

"மழை வருது."

எனக்கு ஒரு துளியும் படவில்லை. வானம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அண்ணாந்து பார்க்கப் போனேன்.

"பாக்காதீங்கக்கா. நில்லுங்க."

நின்றேன். தலைக்கு மேலே மிக உயரத்தில் கூட்டமாக ஏதோ பறப்பதுபோல ஒரு சத்தம் எழுந்து மலைச்சரிவு முழுக்கப் பரவியது. மழை மர உச்சியைத் தொட்டிருந்தது. எங்கள் மேல் இன்னும் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, நடுவே எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தாளம் மாறியது. கிளைகள் நனைந்து வழியத் தொடங்கியிருந்தன. அதற்கும் பிறகுதான் எங்களைச் சுற்றி, அந்த நீண்ட ஏல இலைகளில், பட் பட்டென்று பெருந்துளிகள் விழுந்தன. மூன்று மழையும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே நேரத்தில், மேலிருந்து கீழ்வரை கேட்டது. கீழே சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் கூவி அழைத்தார்கள். அந்தக் கூவலிலிருந்து சரிவு எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரிந்தது. கண் திறந்திருந்தபோது மரங்கள் மறைத்திருந்த ஆழம் அது. நான் கண்ணை மூடியிருந்ததே அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

"அந்தக் கடைசிக் கொரல் எங்கம்மா," என்றாள். "நனையாமப் போங்கன்னு நமக்குத்தான் கத்துது."

நன்றாக நனைந்துவிட்டுத்தான் போனோம்.

அந்தத் தேர்வில் அவள் தேறவில்லை. புவியியலில் நல்ல மதிப்பெண், கணக்கில் விட்டுவிட்டாள். திட்டிக்கொண்டே மறு வருடம் எழுதினாள், கிடைத்தது. இப்போது கீழே ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. தாயையும் அழைத்து வந்துவிட்டாள். பழைய பெட்டி இன்னும் ஓடுகிறது. பதினோராவது புத்தகம் வேறு யாருக்கோ. அவர் யார், எங்கே இருக்கிறார் என்று இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. மைக்கைப் போட்டதும் முதல் வரியை ஆரம்பிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். அறையில் என்னென்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு படிக்கிறேன்.